இரண்டாம் முறை வருபவர்கள்: சேலத்துச் சபா ஒன்றின் வருகைப் பதிவேட்டிலிருந்து

கலை அமைப்பு எதுவாக இருந்தாலும் அதன் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: முன்னைப் போலக் கூட்டம் வருவதில்லை. அதற்கான காரணங்களும் தயாராக இருக்கும். தொலைக்காட்சி வந்தது, கைப்பேசி வந்தது, இளைய தலைமுறைக்கு ரசனை இல்லை என்று அடுக்குவார்கள். சேலத்தில் கர்நாடக இசை, பரதநாட்டியம், ஹரிகதை, அவ்வப்போது தெருக்கூத்து ஆகியவற்றை நடத்திவரும் சிறிய சபா ஒன்றின் செயற்குழுவில் நான் சேர்ந்தபோதும் இதே பேச்சுத்தான் நடந்துகொண்டிருந்தது. வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால், ஒருவர் ஒரு காரணத்தைச் சொன்னால் அதற்குரிய பதிவு எங்கே இருக்கிறது என்று தேடுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. வந்தவர்கள் யார், திரும்ப வந்தவர்கள் யார், எவர் எப்போது வராமல் நின்றார் என்பதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். ‘அரங்கம் முக்கால்வாசி நிறைந்தது’, ‘பின்பாதி காலியாகக் கிடந்தது’ என்ற நினைவுகள்தாம் எல்லோரிடமும் இருந்தன. அந்த நினைவுகளின் இடத்தில் பதிவுகளை வைக்கத் தொடங்கியபின் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் பிற சிறு அமைப்புகளுக்கு உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

தரவுப் பகுப்பாய்வு என்றதும் அது பெரிய ஊர்களுக்கும் பெரிய பணத்துக்கும் உரியது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா தன் நுழைவுச்சீட்டு விற்பனை, நன்கொடை, உறுப்பினர் விவரம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள 1990-களில் உருவாக்கிய மென்பொருள்தான் டெசிட்டூரா என்ற பெயரில் இன்று பல நூறு கலை அமைப்புகளில் இயங்குகிறது. அதற்குப் பின்னால் உள்ள எண்ணம் எளிமையானது. சீட்டு வாங்கியவர், சந்தா கட்டியவர், நன்கொடை கொடுத்தவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம். மூன்று பதிவேடுகளில் மூன்று பேராகக் கிடக்கும் அவரை ஓர் ஆளாகக் காண முடிந்தால்தான் அவரோடு முறையாகப் பேச முடியும். இந்த எண்ணத்தை எடுத்துக்கொள்வதற்கு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. சில ஆயிரம் வரிகள் கொண்ட ஒரு கூகுள் ஷீட்டுக்கு மேல் எங்களுக்கு இன்றுவரை எதுவும் தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது பொறுமை. பொருளாளர் ஐயா சந்தா ரசீதுகளின் கார்பன் நகல்களைத் துணிப்பையில் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தார். அவற்றைப் பிரித்து மேசையில் பரப்பியபோது, ஒரே மனிதர் ஓர் ஆண்டில் ‘கே. சுப்பிரமணியம்’, அடுத்த ஆண்டில் ‘சுப்ரமணியன் கே.’, அதற்கடுத்த ஆண்டில் ‘ஸ்டீல் பிளான்ட் மணி சார்’ என்று இருந்தார். பெயரை வைத்து ஆட்களைச் சேர்க்க முயன்றால் தமிழ் எழுத்துக்கூட்டலும் முன்னெழுத்தும் நம்மைக் குழப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே கைப்பேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டோம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் கணவர் எண்ணைத்தான் மனைவியும் தருகிறார். மகளின் எண்ணைத்தான் பாட்டி தருகிறார். எனவே எங்கள் பட்டியலில் ஒரு வரி என்பது ஓர் ஆள் அன்று, ஒரு வீடு என்று முடிவு செய்தோம். இந்த முடிவு பின்னால் மிகவும் கைகொடுத்தது. நம் ஊரில் கச்சேரிக்குத் தனி ஆளாகத் தீர்மானித்து வருபவர் குறைவு. போகலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் வீட்டில் எடுக்கப்படும் முடிவு.

வாசலில் என்ன கேட்பது என்பதில் கறாராக இருக்க வேண்டும். உள்ளே நுழைபவரை நிறுத்தி வைத்து வயது, தொழில், கல்வி என்று கேட்டால் அடுத்த முறை அவர் வேறு வழியாக நுழைவார், அல்லது வரவே மாட்டார். நாங்கள் கைப்பேசி எண், பின்கோடு, உடன் வந்தவர் எத்தனை பேர், இந்த நிகழ்ச்சி பற்றி எப்படித் தெரிந்தது என்ற நான்கை மட்டும் கேட்கிறோம். முதல்முறை வருபவரா என்பதைக் கேட்க வேண்டியதில்லை. எண் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று ‘கவுண்ட்இஃப்’ சூத்திரமே சொல்லிவிடும். கியூஆர் குறியீட்டை வாசலில் ஒட்டிவிட்டு எல்லோரும் தாமே நிரப்புவார்கள் என்று எதிர்பார்ப்பது முதியவர்களைப் பதிவிலிருந்தே தள்ளிவிடும். ஒரு மேசை, ஒரு நோட்டு, முகம் பார்த்து வணங்கி எழுதிக்கொள்ளும் ஒருவர் ஆகியவையே நம் அரங்குகளுக்குச் சரி. இளையவர்கள் வேண்டுமானால் குறியீட்டைப் பயன்படுத்தட்டும்.

பின்கோட்டின் மதிப்பை நான் முதலில் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. 636007 என்றால் அஸ்தம்பட்டிப் பக்கம், 636003 என்றால் அம்மாப்பேட்டைப் பக்கம். சுவரொட்டிகளையும் துண்டறிக்கைகளையும் வழக்கமாக எந்தத் தெருக்களில் கொடுத்துவந்தோமோ, அந்தத் தெருக்களிலிருந்து வருபவர்கள் ஏற்கெனவே எங்கள் சந்தாதாரர்களாக இருந்தார்கள். அறிவிப்பே எட்டாத பகுதிகளிலிருந்து, உறவினர் சொன்னதைக் கேட்டு, கணிசமானவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். துண்டறிக்கைச் செலவு எங்கே போகிறது என்பதும் வருகை எங்கிருந்து வருகிறது என்பதும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வந்தபின், செயற்குழுவில் அது பற்றி வாதம் தேவைப்படவில்லை.

ஆனால் எங்கள் வேலையின் போக்கையே மாற்றியது வேறொரு அட்டவணை. ஒவ்வொரு வீடும் முதன்முதலில் எந்த மாதத்தில் வந்தது என்பதை இடப்பக்கத்தில் வரிசையாக எழுதி, அவர்களில் எத்தனை வீடுகள் அதன்பின் வந்த நிகழ்ச்சிகளில் தலைகாட்டின என்பதை வலப்பக்கத்தில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பிவட் டேபிள் (ஷீட்டில் உள்ள வரிகளைத் தொகுத்து எண்ணிக் காட்டும் வசதி) தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் மாலை நேரத்தில் செய்து தந்துவிடுவார். அந்த அட்டவணை சொன்னது, இளைஞர்கள் வருவதில்லை என்ற எங்கள் நெடுநாள் பேச்சுக்கு நேர்மாறாக இருந்தது. புதியவர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவர்களில் இளையவர்களும் இருந்தார்கள். ஒருமுறை வந்தவர்களில் பெரும்பாலோர் மறுமுறை வரவில்லை. இரண்டாம் முறை வந்தவர்களோ பெரும்பாலும் மூன்றாம் முறையும் வந்தார்கள். மூன்று முறைக்கு மேல் வந்தவர்கள் ஏறத்தாழ சந்தாதாரர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். கசிவு இருந்தது முதலாம் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடையில்.

இதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. மாதம் 40 புதிய வீடுகள் வந்து, அவற்றில் 4 மட்டும் திரும்ப வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 480 வீடுகளை வரவழைத்த உழைப்புக்கு மிஞ்சுவது 48 வீடுகள். திரும்ப வருபவை 4-லிருந்து 8 ஆகுமானால், ஒரு சுவரொட்டிகூடக் கூடுதலாக ஒட்டாமல் அது 96 ஆகிவிடும். நாங்களோ செலவு முழுவதையும் அந்த 480-ஐ 500 ஆக்குவதில் கொட்டிக்கொண்டிருந்தோம். எங்களைப் போன்ற அமைப்புகள் பலவற்றிலும் இதுவே நடப்பதைப் பார்க்கிறேன்.

அட்டவணை எங்கே கசிகிறது என்பதைக் காட்டும். ஏன் என்பதைச் சொல்லாது. அதற்கு ஒருமுறை மட்டும் வந்து நின்றுபோன வீடுகளைத் தொலைபேசியில் அழைத்தோம். அம்மாப்பேட்டையில் பட்டுத் தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்மணி ஒருவர், வீணைக் கச்சேரிக்கு மாமியாருடன் வந்திருந்தவர், நான் சபாவிலிருந்து பேசுகிறேன் என்றதும் முதலில் பணம் கேட்கிறேனோ என்று தயங்கினார். பிறகு, ‘வரக்கூடாதுன்னு இல்லீங்க மேடம், அடுத்தது எப்போன்னே எங்களுக்குத் தெரியலீங்க. யாரும் சொல்லலை’ என்றார். இன்னும் கொஞ்சம் பேசியபின், முன்வரிசைகளில் ‘சந்தாதாரர்களுக்கு மட்டும்’ என்று அட்டை வைத்திருந்ததையும், நடுவில் காலியாக இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்த தங்களைத் தொண்டர் ஒருவர் எழுப்பிப் பின்னால் அனுப்பியதையும் சொன்னார். கச்சேரி அவருக்குப் பிடித்திருந்தது. அன்று வாசித்த ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் மாமியார் வீட்டுக்கு வந்து அதை முணுமுணுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். இப்படிப்பட்ட வீட்டை இழப்பதற்கு ரசனைக் குறைவு என்று பெயர் வைப்பது மிகவும் அநியாயம். மற்ற அழைப்புகளிலும் திரும்பத் திரும்ப வந்தவை இந்த இரண்டும்தான்: அடுத்த நிகழ்ச்சி பற்றிய தகவல் வரவில்லை, உள்ளே தாங்கள் வேண்டாதவர்கள் போல உணர்ந்தார்கள்.

தகவல் அனுப்பத்தானே செய்கிறோம் என்று எங்கள் செயலாளர் வருந்தினார். அவர் சொன்னதும் உண்மை. ஆனால் வாட்ஸ்அப்பில் ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் மூலம் அனுப்பினால், நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 எண்களுக்கு மேல் சேர்க்கவும் முடியாது. புதியவர்கள் எவரும் எங்கள் எண்ணைச் சேமித்திருக்கவில்லை. ஆக, அனுப்பிய செய்திகள் ஏற்கெனவே வருபவர்களுக்கே போய்க்கொண்டிருந்தன. இப்போது வாசல் மேசையில் எண்ணை எழுதிக்கொள்ளும்போதே, ‘எங்கள் எண்ணை உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த கச்சேரி பற்றிச் சொல்கிறோம்’ என்று கேட்டு, அவர்கள் சேமிக்கும்வரை கூட நிற்கிறோம். மறுநாள் காலையில் ஒரு நன்றிச் செய்தி போகிறது. அதில் அடுத்த நிகழ்ச்சியின் தேதியும் இடமும் நேரமும் இருக்கும். முதல்முறை வந்த வீட்டுக்கு அடுத்த நிகழ்ச்சியில் பாதிக் கட்டணம் என்ற சலுகையும் இருக்கும். முன்வரிசை ஒதுக்கீட்டைத் தொடக்க நேரத்துக்குப் பிறகு விலக்கிக்கொள்கிறோம். எழுப்பி அனுப்பும் வழக்கம் அறவே நின்றது.

வணிக நிறுவனங்கள் வாடிக்கையாளர்களைப் பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகளைக் கேட்பது வழக்கம். கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், எவ்வளவு பணம் கொடுத்தார் என்பன அவை. முதல் இரண்டும் சபாவுக்கு அப்படியே பொருந்தும். மூன்றாவதை மட்டும் மாற்றி, எத்தனை பேரை உடன் அழைத்து வந்தார் என்று வைத்துக்கொண்டோம். பெரிய நன்கொடை தந்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எட்டிப்பார்ப்பவரும், ஒவ்வொரு முறையும் தெருக்காரர்கள் நால்வரைக் கூட்டிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் எங்கள் பட்டியலில் வெவ்வேறு விதமாகத் தெரியத் தொடங்கினார்கள். அந்த ஆசிரியையைப் போன்றவர்களைக் கண்டுபிடித்து, நிகழ்ச்சிகளைத் திட்டமிடும்போதே அவர்களிடம் கலந்துபேசுவது, நாளிதழ் விளம்பரத்தைவிடப் பலன் தருகிறது.

நேரம் பற்றி நாங்கள் செய்த ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்களைத் தவறாகப் படிப்பது எவ்வளவு எளிது என்பதை அது காட்டியது. மாலை 6.30-க்குத் தொடங்கும் கச்சேரிகளில் எந்த நேரத்தில் எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று கதவருகே ஒருவர் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கோடு போட்டுக் குறித்தார். எட்டேகால் மணிவாக்கில் பெரிய வெளியேற்றம். பெரும்பாலும் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் முதலிய தாளவாத்தியங்கள் மட்டும் தனித்து வாசிக்கப்படும் பகுதி, நடக்கும் நேரம் அது. ‘தனி ஆரம்பித்தால் எழுந்துபோகும் ஜனம்’ என்று பழிப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம் என்றே தோன்றும். ஆனால் எழுந்தவர்களில் பெண்கள் மிகுதி என்பதைக் குறித்தவர் கவனித்திருந்தார். 2021-இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டத்துக்குப்பின் எங்கள் அரங்குக்கு நகரப் பேருந்தில் வரும் பெண்கள் கூடியிருந்தார்கள். இரவு ஏற ஏறப் புறநகர் வழித்தடங்களில் பேருந்துகள் குறையும். பழைய பேருந்து நிலையத்துக்குப் போய் வண்டி மாற வேண்டியவர்கள் முன்கூட்டியே கிளம்பியாக வேண்டும். காரணம் தனி ஆவர்த்தனமா பேருந்தா என்று பிரித்தறிய ஒரே வழி, கச்சேரியை மாலை 5.30-க்குத் தொடங்கிப் பார்ப்பது. விடுமுறை நாள்களில் அப்படிச் செய்தபோது தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்தவர்கள் வெகு சிலர். எட்டேகால் மணிக்கு மங்களம் பாடி முடித்தபோது அரங்கம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. மிருதங்க வித்துவான் அன்று அடைந்த மகிழ்ச்சியை நான் நேரில் பார்த்தேன்.

நாள் தேர்விலும் ஊரின் நடைமுறையைத் தெரிந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலிலும் மற்றப் பேட்டைகளின் மாரியம்மன் கோயில்களிலும் திருவிழா நடக்கும். குகையிலும் அம்மாப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை என்றால் தேவர்களாகவும் புராணப் பாத்திரங்களாகவும் வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வலம்வர, ஊரே தெருவில் திரண்டு நின்று பார்க்கும். வேடமும் பாட்டும் மேளமும் நிறைந்த அந்த இரவுகளைப் பார்த்தபின், சேலத்துக்காரர்களுக்குக் கலையில் நாட்டமில்லை என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். அந்த வாரங்களில் அரங்குக்குள் நிகழ்ச்சி வைப்பதைத் தவிர்த்துவிட்டு, அங்கே வருபவர்களிடம் ஆவணி மாத நிகழ்ச்சிக்கான அறிவிப்பைக் கொடுப்பதே பயனுள்ளது. கைத்தொழில் செய்பவர்கள் பலர் அமாவாசையன்று பட்டறைக்கும் தறிக்கும் ஓய்வு கொடுப்பார்கள் என்பதால், அது வார நாளாக இருந்தாலும் செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை வீடுகள் அன்று வருவதைப் பதிவேடு காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை என்பது அலுவலகத்தில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களின் நாள்காட்டி.

நாட்டிய நிகழ்ச்சிகளின் எண்களைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். பள்ளி மாணவிகள் ஆடும் நாளில் அரங்கம் நிரம்பி வழியும். அவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைக்காக வந்தவர்கள். இந்தக் கூட்டத்தையும் சராசரியில் சேர்த்தால் ஆண்டறிக்கை அழகாக இருக்கும், உண்மை மறைந்துவிடும். இந்த வீடுகளை இரண்டாம் முறை வரவழைக்க எங்கள் செய்தியைவிட நாட்டிய ஆசிரியையின் ஒரு சொல் வலுவானது. ‘அடுத்த மாதம் இவர் ஆடுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்’ என்று அவர் வகுப்பில் சொல்லிவிட்டால் பெற்றோரும் கூடவே வருகிறார்கள்.

நுழைவுச்சீட்டே இல்லாத தெருக்கூத்தில் எப்படிப் பதிவு செய்வது என்பது எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளில் கூத்து இரவு தொடங்கி விடிய விடிய நடக்கும். திடலில் வேலி இல்லை, வாசல் இல்லை. சுக்குக் காபி கொடுக்கும் இடத்தில் டோக்கன் வைத்தோம். உள்ளங்கை அளவு வண்ணத்தாள். பத்து மணிக்கு மஞ்சள், நள்ளிரவுக்குப்பின் பச்சை, மூன்று மணிக்குப்பின் இளஞ்சிவப்பு. காபி வாங்குபவர் தம் ஊர்ப் பெயரைச் சொன்னால் கொடுப்பவர் அதைப் பின்புறம் எழுதி ஒரு தகர டப்பாவில் போடுவார். விருப்பமுள்ளவர் எண்ணையும் தரலாம். விடிந்தபின் டப்பாவைக் கவிழ்த்து எண்ணியபோது, எந்த நேரத்தில் எந்த ஊர்க்காரர்கள் இருந்தார்கள் என்பது தெரிந்தது. நள்ளிரவுக்குப்பின் கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நகரத்தில் பழகிய நாங்கள் எண்ணியிருந்தோம். பச்சைத் தாள்களில் விசைத்தறி இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களின் ஊர்ப்பெயர்கள் புதிதாகத் தோன்றின. கூத்து வாத்தியாரிடம் அதைக் காட்டியபோது அவர் வியப்படையவில்லை. முக்கியமான கட்டத்தை எந்த நேரத்துக்கு வைப்பது என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். அந்த அறிவைச் சபா தன் பதிவில் ஏற்றிக்கொண்டது என்பதே சரி.

ஏற்காட்டில் கோடைக்காலத்தில் நிகழ்ச்சி நடத்தினால் எண்களைக் கலக்கவே கூடாது. அங்கே பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெங்களூரு, சென்னை, கோவையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள். அவர்களை நகரத்து நிகழ்ச்சிப் பட்டியலில் சேர்த்தால் ‘திரும்பி வராதவர்கள்’ எண்ணிக்கை செயற்கையாக ஏறும். ஆனால் 636601, 636602 என்று எழுதிய மலைவாசிகள் உண்மையான ரசிகர்கள். இரவில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மேலேற அவர்கள் தயங்குவது இயல்பு. அவர்களுக்காக ஞாயிறு காலை நிகழ்ச்சி வைப்பது தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கட்டணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இலவச அனுமதிச் சீட்டு வாங்கியவர்களில் வராமல் போகிறவர்கள் அதிகம். ஐம்பது ரூபாயேனும் கொடுத்தவர் பெரும்பாலும் வந்துவிடுகிறார். இசை, நாட்டிய, நாடக நிகழ்ச்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய்க்கு மிகாதவரை ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், சிறு சபாக்கள் வரிக்கு அஞ்சி எல்லாவற்றையும் இலவசமாக்க வேண்டியதில்லை. கட்ட இயலாத மாணவர்களுக்கு, குறிப்பாக அரசு இசைப்பள்ளி மாணவர்களுக்கு, வாசலிலேயே விலக்குத் தரலாம்.

எந்தச் சொற்களில் அழைப்பது என்பதையும் சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஒரு வாசகம், இரட்டைப்படையானால் வேறு வாசகம். இதில் எவரையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஆனால் சிறிய எண்களை வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. ஒவ்வொரு வாசகத்தையும் நூறு பேருக்கு அனுப்பி, ஒன்றுக்கு 10 பேரும் மற்றதற்கு 14 பேரும் வந்தால் அது தற்செயலாகவே நிகழக்கூடிய வேறுபாடு. 20-க்கு 40 என்றால் பொருட்படுத்தலாம். எங்களிடம் தெளிவாக வேலை செய்தது, கலைஞரின் விருதுப் பட்டியலை விட்டுவிட்டு, நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும், அரங்குக்கு எந்தப் பேருந்து வரும் என்பவற்றை முதலில் எழுதிய வாசகம்.

இவ்வளவு சொன்னபின் ஓர் எல்லையை அழுத்தமாகக் குறிக்க விரும்புகிறேன். எந்த நிகழ்ச்சிக்குக் கூட்டம் வருகிறதோ அதையே நடத்துவோம் என்று பட்டியலைப் பார்த்து முடிவு செய்தால், மெல்லிசை மட்டும் மிஞ்சும். 1935-இலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் தோன்றிய நகரத்தில் திரைப்பாட்டின் பிடி வலுவாக இருப்பது இயல்பானது. அதற்குச் சபாவின் துணை தேவையில்லை. நாகசுரக் கச்சேரிக்கு வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் எங்கள் அட்டவணையில் திரும்பத் திரும்ப வருபவர்களின் விகிதம் அவர்களிடம்தான் உயர்ந்து நிற்கிறது. தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அதை நிறுத்தியிருப்பார்கள். நேரம், நாள், கட்டணம், அழைப்பு, இருக்கை ஆகியவற்றைத் தரவைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். எதை மேடையேற்றுவது என்பதைக் கலை தெரிந்தவர்கள் தீர்மானிக்க வேண்டும். தவிரவும், பதிவேட்டில் இருப்பவர்கள் வந்தவர்கள் மட்டுமே. ஒருமுறைகூட வராதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது என்பதை மறக்கலாகாது.

நெடுநாள் வந்துவிட்டுத் திடீரென்று நின்றவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம். சலிப்பால் நின்றவர்கள் அதில் சிலர்தான். முழங்கால் வலியால் படியேற முடியாதவர், காது மந்தமானவர், கணவர் காலமானபின் தனியாக வரத் தயங்குபவர் என்று ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு காரணம் தெரிந்தது. சாய்தளம் கேட்டு அரங்க நிர்வாகத்துக்கு எழுதினோம். ஒலிபெருக்கிக்கு அருகில் சில இருக்கைகளை ஒதுக்கினோம். ஒரே பகுதியிலிருந்து வரும் மூவருக்கு ஓர் ஆட்டோவைப் பேசிவிட்டோம். இவற்றுக்கான செலவு ஒரு முழுப்பக்க மலர் விளம்பரத்தை விடக் குறைவு.

நம்பி எண் தந்தவர்களின் விவரத்தைக் காப்பது நம் பொறுப்பு. சட்டமும் அதையே கேட்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ளன. எதற்காக எண்ணைக் கேட்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். 18 வயது நிறையாதவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை. மாணவிகள் மிகுந்த நாட்டிய நிகழ்ச்சிகளில் இந்தக் கடைசிப் பகுதி மிக முக்கியம் என்பதால், நாங்கள் பெற்றோரின் எண்ணை மட்டுமே எழுதுகிறோம். ‘நிகழ்ச்சி அறிவிப்புக்கு மட்டும், வேண்டாம் என்று சொன்னால் நீக்கிவிடுவோம்’ என்ற வரி நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தமிழில் அச்சாகியிருக்கிறது. நன்கொடையாளர் ஒருவர் தம் கடைத் திறப்பு விழாவுக்கு அழைக்கப் பட்டியலைக் கேட்டபோது, இந்த வரியைக் காட்டித்தான் செயலாளர் மறுத்தார். அவரும் வருத்தப்படாமல் ஏற்றுக்கொண்டார்.

சிறு அமைப்புகளில் இத்தகைய முயற்சி பெரும்பாலும் ஒருவரின் கைப்பேசியிலும் ஒருவரின் மின்னஞ்சலிலும் அடங்கிவிடுகிறது. அவர் இடம் மாறினால் பதிவேடும் போய்விடும். எனக்கும் வங்கியில் எப்போது வேண்டுமானாலும் மாற்றல் வரலாம். அதனால் சபாவின் பெயரில் தனிச் சிம் அட்டையும் தனி மின்னஞ்சலும் வாங்கினோம். ஷீட்டைத் திறக்கும் உரிமை செயலாளர், பொருளாளர் இருவருக்கும் உண்டு. ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது என்பதை முதல் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். மூன்று ஆண்டுகளாக வராத வீடுகளின் எண்களைப் பங்குனி மாதக் கணக்கு முடிப்பின்போது நீக்கிவிடுகிறோம். வருகிற மார்கழிக்குள் வாசல் மேசைப் பொறுப்பை இரண்டு கல்லூரி மாணவியர் ஏற்கவிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முதலில் தங்கையின் நாட்டியத்தைப் பார்க்க வந்து, நன்றிச் செய்தியைப் பார்த்துவிட்டு அடுத்த மாத நாகசுரக் கச்சேரிக்கும் வந்தவர்.